பட்டனுக்கும் படத்துக்கும் நடுவே தொலையும் நேரம்

நின்டெண்டோ 1984-ல் வெளியிட்ட ‘டக் ஹண்ட்’ விளையாட்டில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியைத் திரையை நோக்கிப் பிடித்து வாத்துகளைச் சுட வேண்டும். பிக்சர் ட்யூப் டிவியில் அது கச்சிதமாக வேலை செய்தது. அதே கன்சோலையும் அதே துப்பாக்கியையும் இன்றைய ஹெச்டி டிவியில் மாட்டினால், முனையைத் திரையோடு ஒட்டி வைத்துச் சுட்டாலும் ஒரு வாத்துகூட விழாது. துப்பாக்கியில் எந்தப் பழுதும் இல்லை.

அந்தத் துப்பாக்கி எதையும் பாய்ச்சுவதில்லை. வெளிச்சத்தைப் பார்க்க மட்டுமே செய்கிறது. விசையை இழுத்ததும் கன்சோல் திரை முழுவதையும் ஒரு ஃபிரேம் நேரத்துக்குக் கறுப்பாக்கும். அடுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்றைக் காட்டும். கறுப்புக்குப் பின்னால் வெள்ளை தெரிந்தால் குறி சரி. நொடியில் 60 ஃபிரேம்கள் ஓடுவதால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடிதான். ஹெச்டி டிவி அந்த வெள்ளைக் கட்டத்தைக் காட்டும்போது, கன்சோல் வெளிச்சத்தை எதிர்பார்த்த நேரம் கடந்துபோயிருக்கும். துப்பாக்கியின் மின்சுற்று பிக்சர் ட்யூபின் ஒளித்துடிப்புக்கென்றே அமைக்கப்பட்டது என்பது இரண்டாவது காரணம். ஆனால் அதைச் சரிசெய்தாலும் தாமதம் என்ற தடை அப்படியே இருக்கும்.

பிக்சர் ட்யூபுக்கு நினைவு கிடையாது. கன்சோலிலிருந்து சிக்னல் வர வர, எலெக்ட்ரான் கற்றை அதை வரிவரியாகத் திரையில் தீட்டிக்கொண்டே போகும். தட்டை டிவி அப்படியல்ல. அதன் திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது: 1920-க்கு 1080, அல்லது 4கே என்றால் 3840-க்கு 2160. வேறு அளவில் வரும் படத்தை அது நினைவகத்தில் வாங்கிவைத்து, பெரிதாக்கி, இரைச்சல் நீக்கி, நிறமும் கான்ட்ராஸ்ட்டும் கூட்டித்தான் வெளியே விடுகிறது. ஒவ்வொரு மெருகுக்கும் சில மில்லிநொடிகள் செலவாகின்றன.

இவற்றில் மிக அதிகமாக நேரத்தை விழுங்குவது, அசைவை வழவழப்பாக்கும் வசதி. இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே டிவி தானாக ஒரு புதிய ஃபிரேமை வரைந்து செருகுகிறது. நடுவில் வருவதை வரைய வேண்டுமென்றால் அடுத்து வருவது முன்னதாகவே கையில் இருந்தாக வேண்டும். ஆகவே குறைந்தது ஒரு ஃபிரேமாவது காத்திருக்காமல் இந்த வேலையைச் செய்ய வழியே இல்லை. பல டிவிகள் இன்னும் சில ஃபிரேம்கள் சேர்த்தே காத்திருக்கின்றன. எவ்வளவு வேகமான சிப் வந்தாலும் இந்தக் காத்திருப்பு ஒழியாது.

இத்தனை தாமதம் சினிமாவோ கிரிக்கெட்டோ பார்ப்பவருக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. டிவி படத்தைத் தாமதப்படுத்தும்போது ஒலியையும் அதே அளவு தாமதப்படுத்தி விடுகிறது. வெளியே தனி ஸ்பீக்கர் வைத்திருந்தால் அதையும் ஒத்துப்போகச் செய்யும் ஏற்பாடு 2006-ல் எச்டிஎம்ஐ 1.3-லேயே வந்துவிட்டது. உதடும் குரலும் ஒத்துப்போனால் பார்வையாளருக்குக் குறையில்லை. விளையாடுபவரின் விரல் மட்டுமே அந்தக் கணக்கில் சேரவில்லை. ஹெச்டி டிவிகள் வீடுகளில் நுழைந்த ஆண்டுகளில் 100 மில்லிநொடியைத் தாண்டிய தாமதம் சாதாரணமாக இருந்தது. அதாவது ஆறு ஃபிரேம்கள்.

ஆறு ஃபிரேம்கள் எவ்வளவு பெரியவை? கண்ணில் பட்டதற்குக் கை அசைய மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி பிடிக்கும். 1987-ல் வந்த மைக் டைசன் குத்துச்சண்டை விளையாட்டில், முதல் 90 நொடிகளில் அவர் வீசும் அப்பர்கட் ஒன்று பட்டாலே ஆட்டக்காரர் தரையில் கிடப்பார். கண்டதும் விலகுவது ஒன்றே வழி. தப்பிக்கக் கிடைக்கும் அந்தக் குறுகிய நேரத்திலிருந்து டிவி 100 மில்லிநொடியைப் பிடுங்கிக்கொண்டால், நல்ல ஆட்டக்காரரும் தோற்பார். தோல்வியைத் தன் கையின் மேல் சுமத்திக்கொள்வார். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. எத்தனையோ பேர் “நமக்கு வயசாயிடுச்சு, கை ஓடல” என்று பழைய விளையாட்டுகளை மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். பாதிக் குற்றம் சுவரில் தொங்கும் பெட்டியுடையது.

தாமதம் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் மூளை ஓரளவு பழகிக்கொள்ளும். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’-ல் ஒரே ஒரு ஃபிரேம் அவகாசத்தில் அழுத்த வேண்டிய அடித்தொடர்கள் உண்டு. அவற்றை ஆட்டக்காரர்கள் தாளக்கணக்கில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். வீட்டு டிவியில் படிந்த தாளம், தாமதம் வேறாக உள்ள போட்டித் திரையில் தவறுவது இதனால்தான். 2001-ல் வந்த ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மீலீ’ ஆட்டக்காரர்கள், கனமான பிக்சர் ட்யூப் டிவிகளைச் சுமந்துகொண்டு போய்ப் போட்டி நடத்தியது வீம்புக்கு அல்ல.

இசை விளையாட்டுகள் தங்களுக்கென்று ஒரு தீர்வைக் கண்டன. ‘ராக் பேண்ட் 2’-ன் கிட்டாரில் ஒளி உணரியும் மைக்கும் இருந்தன. டிவியின் தாமதத்தைக் கிட்டாரே அளந்து சொல்லும், விளையாட்டு அதற்கேற்ப நேரத்தை நகர்த்திக்கொள்ளும். அடுத்த சுரம் எப்போது வரும் என்பது பாட்டில் முன்பே தெரிந்திருப்பதால் இது முடிகிறது. எதிராளி எப்போது குத்துவார் என்பது சண்டை விளையாட்டுக்கு முன்கூட்டித் தெரியாது. அங்கே இந்த வித்தை செல்லாது.

‘டூம்’, ‘குவேக்’ விளையாட்டுகளை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக், அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு தகவல் பொட்டலத்தை அனுப்புவதைவிடத் தன் எதிரே உள்ள திரைக்கு ஒரு புள்ளியை அனுப்ப அதிக நேரமாகிறது என்று 2012-ல் கொதித்தார். அவர் சொன்னது மிகையல்ல.

பெரும்பாலானோருக்குப் பரிகாரம் டிவியின் மெனுவிலேயே இருக்கிறது. ‘கேம் மோட்’ என்று இருப்பதை இயக்கினால் மேலே சொன்ன மெருகுகளில் பெரும்பகுதி அணைந்துவிடும். நூறைத் தாண்டிய தாமதம் பல டிவிகளில் இருபதுக்கும் கீழே இறங்கும். சில டிவிகளில் எச்டிஎம்ஐ இணைப்பின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினாலும் இதே பலன் கிடைக்கும். 2017-ல் வந்த எச்டிஎம்ஐ 2.1-ல், கன்சோல் இயங்கியதும் டிவியைக் கேம் மோடுக்குத் தானே மாற்றும் வசதி உண்டு. பழைய டிவி வைத்திருப்பவர் மெனுவைத் திறந்து கையால்தான் மாற்ற வேண்டும்.

வாங்கும்போது இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. பெட்டியில் ‘ரெஸ்பான்ஸ் டைம் 1 மில்லிநொடி’ என்று போட்டிருப்பது, ஒரு புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் நேரம். அசைவில் படம் எவ்வளவு இழுபடும் என்பதை அது சொல்லும். பட்டன் அழுத்தியது எப்போது தெரியும் என்பதை அது சொல்லாது. ஒரு மில்லிநொடி என்று அச்சிட்ட டிவியே நூறு மில்லிநொடி பின்தங்கி ஓடலாம். தாமதத்தை அளக்கக் கையடக்கக் கருவிகள் கிடைக்கின்றன, விமர்சகர்கள் அளக்கவும் செய்கிறார்கள். தயாரிப்பாளர்களும் அந்த எண்ணைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். காசு கொடுப்பவர் கேட்டால்தான் அது நடக்கும்.

பழைய கன்சோல் வைத்திருப்பவர்களுக்குக் கேம் மோட் மட்டும் போதாது. எட்டு பிட், பதினாறு பிட் கன்சோல்கள் 240 வரிகள் கொண்ட முழுப் படத்தை அனுப்பின. ஹெச்டி டிவிகள் பலவும் அதை 480 வரிப் படத்தின் பாதி என்று தவறாக எடுத்துக்கொண்டு, இல்லாத மறுபாதியோடு கோத்துச் சேர்க்கப் பார்க்கின்றன. நேரமும் போகிறது, படமும் கலங்குகிறது. இதற்காகவே ‘ஓஎஸ்எஸ்சி’, ‘ரெட்ரோடிங்க்’ போன்ற சிறு பெட்டிகள் வந்திருக்கின்றன. இவற்றில் வரியை இரட்டிக்கும் வகை, முழு ஃபிரேமையும் பிடித்து வைக்காமல் வரும் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் இரட்டித்து டிவிக்கு அனுப்பிவிடுவதால், அதன் தாமதம் ஒரு ஃபிரேமில் சிறு பங்குகூட இராது. ஆனால் அவை தவிர்ப்பது டிவியின் கோக்கும் வேலையை மட்டுமே. அப்பெட்டியை மாட்டிய பிறகும் டிவியில் கேம் மோட் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.