இரத்தத்தின் இரும்பைக் காந்தம் இழுக்குமா?

"வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைத்துப் படுக்காதே" என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பழமொழி. ஏன் என்று கேட்டால், முன்பெல்லாம் "படுக்கக் கூடாது என்றால் கூடாது" என்ற பதில்தான் வரும். இப்போது விஞ்ஞான விளக்கமே கிடைக்கிறது. "பூமி ஒரு பெரிய காந்தம். நம் இரத்தத்தில் இரும்பு இருக்கிறது. எனவே வடக்கே தலை வைத்தால் இரத்தம் தலைக்கு இழுக்கப்படும்" என்கிறார்கள். இதே விளக்கத்தைச் சொல்லிக் காந்தக் காப்பு, காந்த மெத்தை, காந்தச் செருப்பு என்று பலவும் விற்கப்படுகின்றன.

இந்த விளக்கத்தின் முதல் இரண்டு வாக்கியங்களும் உண்மையே. மூன்றாவது வாக்கியத்தில்தான் சிக்கல்.

என் பெரியம்மாவுக்கு முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கி வலிக்கும். ஒரு பொருட்காட்சியில் காந்தக் காப்பு ஒன்றை வாங்கி அணிந்துகொண்டார். முதல் வாரத்தில் வலி குறைந்தது. உடனே மாத்திரைகளை நிறுத்திவிட்டார். விஷயம் எனக்குத் தெரிய வந்தபோது மூன்று மாதம் ஆகியிருந்தது. "ஏன் பெரியம்மா இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டேன். "இரத்தத்துல இரும்பு இருக்குன்னு நீங்கள்லாம்தானேப்பா பாடம் நடத்துறீங்க? காந்தம் இரும்பை இழுக்காம வேற எதை இழுக்கும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். அதற்கு அன்று நான் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே காண்போம்.

எவ்வளவு இரும்பு, எப்படிப்பட்ட இரும்பு?

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பு சுமார் 3 முதல் 4 கிராம். ஓர் ஆணி செய்யலாம், அவ்வளவுதான். இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் இருக்கிறது.

ஆனால் ஆணியில் உள்ள இரும்பும் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பும் காந்தத்துக்கு ஒன்றல்ல. ஆணியில் கோடானுகோடி இரும்பு அணுக்கள் நெருங்கி அடுக்கப்பட்டுள்ளன. அவை ஒன்றையொன்று பாதித்து, கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் அணிவகுத்து நிற்கின்றன. காந்தம் ஆணியைத் தாவி இழுப்பது இந்த அணிவகுப்பினால்தான். இப்படிப்பட்ட பொருள்களை ஃபெர்ரோ காந்தப் பொருள்கள் என்கிறோம். ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்றில் இருப்பவையோ நான்கே இரும்பு அணுக்கள். அவையும் தனித்தனியே, ஆயிரக்கணக்கான பிற அணுக்களுக்கு நடுவே பொதிந்து கிடக்கின்றன. அங்கே அணிவகுப்புக்கு இடமேது?

1936இல் அமெரிக்க வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியெல் என்பவருடன் சேர்ந்து இதை அளந்து பார்த்தார். ஆக்சிஜனை ஏற்ற ஹீமோகுளோபின் டயா காந்தத் தன்மை உடையது, அதாவது காந்தத்தால் மிக மெதுவாக விலக்கப்படுவது என்று தெரிந்தது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் பாரா காந்தத் தன்மை பெறுகிறது. அது ஈர்க்கப்படும், ஆனால் மிக மிகச் சிறிதளவே. இரத்தத்தின் பெரும்பகுதி நீர் அல்லவா? நீரும் டயா காந்தப் பொருளே. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், காந்தம் நம் இரத்தத்தை இழுப்பதில்லை. மிக மிக மெல்லத் தள்ளுகிறது!

திராட்சைச் சோதனை

நீர் தள்ளப்படுவதை நீங்களே பார்க்கலாம். ஒரு நீண்ட ஈர்க்குச்சியின் இரு முனைகளிலும் இரண்டு பெரிய திராட்சைப் பழங்களைச் செருகுங்கள். குச்சியின் நடுவில் நூலைக் கட்டி, தராசு போலக் காற்றில்லாத இடத்தில் தொங்கவிடுங்கள். ஆட்டம் நின்றதும், வலிமை மிக்க நியோடிமியம் காந்தம் ஒன்றைப் பழத்தின் அருகே தொடாமல் கொண்டுசெல்லுங்கள். பழம் மெதுவாக விலகிப் போகும். இப்போது காந்தத்தைத் திருப்பி, மறு துருவத்தைக் காட்டுங்கள். அப்போதும் பழம் விலகவே செய்யும். (இந்தக் காந்தங்களைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் குடலைத் துளைத்துவிடும்.)

வட துருவமானாலும் தென் துருவமானாலும் விளைவு ஒன்றாக இருப்பது ஏன்? பழத்தில் நிலையான காந்தம் இல்லை. வெளியிலுள்ள புலம் முதலில் பழத்தில் ஒரு சிறு காந்தத் தன்மையைத் தூண்டுகிறது. பிறகு அதன்மேல் விசை செலுத்துகிறது. புலத்தின் திசையை மாற்றினால் தூண்டப்பட்ட தன்மையின் திசையும் மாறிவிடுகிறது. எதிர்க்குறியை எதிர்க்குறியால் பெருக்கினால் நேர்க்குறிதானே கிடைக்கும்?

வடக்கும் தெற்கும்

இனிப் படுக்கைக்கு வருவோம். வடக்கே தலை வைப்பதற்கும் தெற்கே தலை வைப்பதற்கும் காந்தக் கணக்கில் உள்ள வேறுபாடு, உடலைப் பொறுத்தவரை புலத்தின் திசை தலைகீழாவது மட்டுமே. திராட்சைக்கு அது எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. இரத்தத்துக்கும் உண்டாக்காது. வடக்கு கெட்டது என்றால் தெற்கும் அதே அளவு கெட்டதாக இருக்க வேண்டும். பெரியவர்களோ தெற்கே தலை வைப்பது நல்லது என்கிறார்கள்!

இன்னொன்றும் உண்டு. ஒரு பொருளைக் காந்தம் தன் பக்கம் இழுக்க வேண்டுமானால், புலம் இடத்துக்கு இடம் மாறுபட வேண்டும். பூமியின் புலம் ஆறடிக் கட்டில் முழுவதும் ஒரே சீராக இருக்கிறது. காந்தமேற்றிய ஊசி ஒன்றைத் தக்கையில் வைத்துக் கிண்ணத்து நீரில் மிதக்கவிடுங்கள். ஊசி வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். ஆனால் வடக்கு ஓரத்துக்கு மிதந்து போகாது. முழுக் காந்தமான ஊசியையே பூமி இழுத்துச் செல்லவில்லை என்றால், இரத்தத்தை இழுக்குமா?

"இரத்தத்தில் மின்னூட்டம் பெற்ற அயனிகள் ஓடுகின்றனவே, காந்தப் புலத்தில் அவற்றின்மேல் விசை தோன்றாதா?" என்று மாணவர்கள் கேட்கலாம். தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பூமியின் காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. பெருந்தமனியின் விட்டம் சுமார் 2.5 செ.மீ. அதில் இரத்தத்தின் வேகம் அதிகபட்சமாக விநாடிக்கு 1 மீட்டர் எனக் கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும் மின்னழுத்தம் 1 மைக்ரோவோல்ட். நம் தோலின்மேல் இ.சி.ஜி. கருவி அளக்கும் இதயத் துடிப்பின் மின்னழுத்தம் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட், அதாவது இதைப் போல 1,000 மடங்கு.

அந்த 1 மைக்ரோவோல்ட்டும் இரத்தம் புலத்துக்குக் குறுக்கே ஓடினால்தான் கிடைக்கும். நம் பகுதியில் பூமியின் புலம் ஏறக்குறையக் கிடைமட்டமாக, தெற்கிலிருந்து வடக்காகச் செல்கிறது. வடக்கு தெற்காகப் படுத்தால் பெருந்தமனி புலத்துக்கு இணையாகிவிடுகிறது. விளைவு ஏறக்குறையச் சுழி! கிழக்கு மேற்காகப் படுத்தால்தான் அதிகம். ஆகவே பழமொழிக்கு வேறு காரணம் என்னவாயினும், காந்தம் காரணமல்ல. தெற்கே தலை வைத்துத்தான் உறக்கம் வரும் என்பவர்கள் தாராளமாக அப்படியே உறங்கலாம். அதற்கு இயற்பியலைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

மணிக்கட்டிலிருந்து முழங்காலுக்கு

எம்.ஆர்.ஐ. கருவியில் 1.5 அல்லது 3 டெஸ்லா புலத்துக்குள் நோயாளியைப் படுக்க வைக்கிறார்கள். 1.5 டெஸ்லா என்பது நம் ஊர்ப் பூமிப் புலத்தைப் போல ஏறக்குறைய 37,000 மடங்கு. கவனக்குறைவாக உள்ளே கொண்டுவந்த இரும்பு நாற்காலியும் ஆக்சிஜன் சிலிண்டரும் பறந்து சென்று ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே படுத்திருப்பவரின் இரத்தமோ வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது.

காப்பில் உள்ள காந்தம் எவ்வளவு தூரம் எட்டும்? 1 செ.மீ. தொலைவில் அது 20 மில்லிடெஸ்லா புலம் தருவதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சிறு காந்தத்தின் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். 50 செ.மீ. தள்ளியுள்ள முழங்காலில் அது 1,25,000இல் ஒரு பங்காகிவிடும். மிஞ்சுவது 0.16 மைக்ரோடெஸ்லா. பூமி தரும் புலத்தில் இது 250இல் ஒரு பங்கு.

ஆனால் வலி குறைந்ததே?

கணக்கு எப்படியிருந்தாலும், பலன் கிடைத்தால் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்? ஆம். எனவே சோதனைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

1784இல் பாரிஸ் நகரில் மெஸ்மர் என்ற மருத்துவர் பரப்பிய "உயிர்க் காந்த" சிகிச்சையை ஆராய அரசர் ஒரு குழு அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் அதில் இருந்தார்கள். மெஸ்மரின் சீடர் ஒருவர் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்த சக்தி ஏற்றினார். பிறகு 12 வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் அழைத்துச் சென்றார்கள். நான்காவது மரத்தருகே அவன் மயங்கி விழுந்தான். அது சக்தி ஏற்றாத மரம்! மயக்கம் பொய்யன்று. அதற்குக் காரணம் மரமல்ல, அவனுடைய எதிர்பார்ப்பு.

காந்தக் காப்புகளும் இப்படிச் சோதிக்கப்பட்டுள்ளன. 2004இல் இங்கிலாந்தில் மூட்டுத் தேய்மானம் உள்ள 194 பேரிடம் நடந்த ஆய்வில், போலிக் காப்பைவிட உண்மையான காந்தக் காப்பு அணிந்தவர்களுக்கு வலி சற்றுக் குறைந்தது. ஆனால் காந்தம் சாவியிலும் கரண்டியிலும் ஒட்டிக் காட்டிக்கொடுத்துவிடுமே! தம்முடையது உண்மைக் காப்பு என்று அறிந்தவருக்கு நம்பிக்கையும் கூடும். எனவே பலன் காந்தத்தாலா, நம்பிக்கையாலா என்பது உறுதியில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில் முடக்குவாதம் உள்ள 70 பேர், வலிமையான காந்தம், வலிமை குறைந்த காந்தம், காந்தம் நீக்கியது, செம்புக் காப்பு ஆகிய நான்கையும் 5 மாத காலத்தில் மாற்றி மாற்றி அணிந்தார்கள். வலியிலும் வீக்கத்திலும் இரத்தப் பரிசோதனையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

அப்படியானால் பெரியம்மாவுக்கு வலி எப்படிக் குறைந்தது? மூட்டுவலி கூடுவதும் தணிவதுமாக இருப்பது. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் காப்பு வாங்க ஓடுகிறோம். அதன்பின் தானே தணிந்தாலும் புகழ் காப்புக்குப் போய்ச் சேர்கிறது. எதிர்பார்ப்பும் தன் பங்குக்கு வலியைக் குறைக்கிறது. முதல் வாரத்தில் இன்னொரு துணையும் இருந்தது: அதுவரை சாப்பிட்டு வந்த மாத்திரைகள்!

எதிர்பார்ப்பு வலியைத் தணிக்கலாம். முடக்குவாதம் மூட்டை அரிப்பதை அது நிறுத்தாது. பெரியம்மா மீண்டும் மருந்து எடுத்துக்கொள்கிறார். வீக்கம் வடிந்துவிட்டது. அந்த மூன்று மாதத்தில் வளைந்த இரண்டு விரல்கள் மட்டும் நிமிரவில்லை. இப்போது ஊசியில் நூல் கோக்க அடுத்த வீட்டுச் சிறுமியைக் கூப்பிடுகிறார்.

உங்கள் வீட்டிலும் யாரேனும் காந்தக் காப்பு அணிந்திருக்கலாம். பிடித்திருந்தால் அணியட்டும். இரண்டு விஷயங்களை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் காந்தத்தை மார்பருகே கொண்டுபோகக் கூடாது. அக்கருவி இயங்கும் முறையையே அது மாற்றிவிடும். காப்பை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை யாரும் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது.