தாத்தாவின் கடிகாரத்தை யாரிடம் கொடுப்பது?

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற பொருள்கள் மிகக் குறைவு. குடியிருந்த லயம் நிர்வாகத்துக்குச் சொந்தம். பால் வெட்டிய மரமும் கம்பெனிக்குச் சொந்தம். பாட்டியின் தோடு, ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம், பழைய சிவப்பு அடையாள அட்டை, இவற்றோடு சில குடும்பங்களில் ஒரு கைக்கடிகாரமும் மிஞ்சியிருக்கும். அக்கடிகாரம் ஓடாமல் நின்றுபோனால் யாரை நம்பி அதைக் கொடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார் என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அன்று தொடங்கி, தோட்டத்து மக்கள் மணி பார்த்து வாழவில்லை. மணி கேட்டு வாழ்ந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு அழைக்கும் மணியோசைதான் அவர்களுடைய கடிகாரம். கையில் கடிகாரம் கட்டியவர் என்றால் கிராணி, டிரெசர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என விரல்விட்டு எண்ணிவிடலாம். என் தாத்தா ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றின் மருத்துவமனையில் டிரெசராக இருந்தார். நாடித் துடிப்பை எண்ண அவருக்கு நொடி முள் தேவைப்பட்டது. அதற்காகவே சிறுகச் சிறுகச் சேமித்து 1950களில் ஓர் ஓமேகா வாங்கினார். அவர் மறைவுக்குப் பின் அது என் கைக்கு வந்தது. அதைச் சரிசெய்ய மலாக்காவில் அலைந்தபோது அறிந்தவற்றை, இதே நிலையில் இருக்கும் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

நல்ல கைவினைஞரை அடையாளம் காண, முதலில் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சாவி கொடுக்கும்போது மெயின் ஸ்பிரிங் என்னும் சுருள்வில் இறுகுகிறது. அது மெல்ல விரியும்போது பற்சக்கரங்கள் சுழல்கின்றன. அந்த விசை ஒரேயடியாகத் தீர்ந்துவிடாமல் தடுத்துத் தடுத்து விடுவது பேலன்ஸ் சக்கரமும், அதனோடு இணைந்த மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங்கும். பழைய கடிகாரங்கள் பலவற்றில் இச்சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு 5 முறை, அசைகிறது. ஒரு நாளைக்கு 4,32,000 அசைவுகள். ஓராண்டுக்கு 15 கோடியே 76 லட்சத்திற்கும் மேல்!

இவ்வளவு உழைக்கும் பொருளுக்கு உராய்வுதான் எதிரி. அதனால்தான் சக்கர அச்சுகள் சுழலும் துளைகளில் செயற்கை மாணிக்கக் கற்களைப் பதிக்கிறார்கள். டயலில் '17 ஜுவல்ஸ்' என்று காண்பது இதைத்தான். அது நகைக்கடை விவகாரமன்று. கல்லுக்கும் அச்சுக்கும் இடையே ஒரு துளியிலும் சிறு துளியாக எண்ணெய் இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வெண்ணெய் உலர்ந்து பிசினாகிறது. பின்னர் உலோகத் துகளோடு கலந்து அச்சையே அரைக்கத் தொடங்குகிறது. ஆகவே "நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குச் செலவு?" என்பது தவறான வாதம். எண்ணெய் வற்றிய பிறகும் கடிகாரம் சில காலம் ஓடும். அந்தக் காலத்தில்தான் அது தேய்கிறது.

நம் தட்பவெப்பமும் இதற்குத் துணைபோகிறது. கடற்கரை ஈரக்காற்றும் வியர்வையும் சாவித் திருகு வழியாக உள்ளே புகும். துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

'சர்விஸ்' என்றால் என்ன?

முழுமையான சர்விஸ் என்பது கடிகாரத்தைக் கடைசித் திருகு வரை கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் சுத்திகரித்து, உருப்பெருக்கியில் தேய்மானம் பார்த்து, ரப்பர் வளையங்களை மாற்றி, இடத்துக்கு ஏற்ற எண்ணெயை இடத்துக்கு ஏற்ற அளவில் இட்டு, மீண்டும் பூட்டுவதாகும். வேகமாகச் சுழலும் அச்சுக்கு இளகிய எண்ணெய்; விசை மிகுந்த இடத்துக்குக் கெட்டியான பசை. அதன்பின் முகம் மேலே, முகம் கீழே, சாவி பக்கம் எனப் பல நிலைகளில் வைத்துச் சோதித்து, சில நாள் ஓடவிட்டுக் கவனிக்க வேண்டும். பின்மூடியைத் திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அரைமணி நேரத்தில் திருப்பிக் கொடுப்பது சர்விஸ் ஆகாது. பழைய அழுக்கின்மேல் புது எண்ணெய் விட்டால் அழுக்கு பரவுமே தவிர நீங்காது.

கடிகாரக்காரர்கள் எங்கே போனார்கள்?

மலாக்கா பட்டணத்தில் பொற்கொல்லர் பெயரால் ஜாலான் துக்காங் எமாஸ், கொல்லர் பெயரால் ஜாலான் துக்காங் பெசி எனத் தெருக்கள் உண்டு. கடிகாரக்காரருக்குத் தெரு இல்லை. கடைவீதியின் ஐந்தடி நடைபாதையில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு விளக்கும் போதும் அவருக்கு.

அத்தொழிலுக்கு முதல் அடி ஜப்பானிலிருந்து வந்தது. 1969 டிசம்பர் 25ஆம் நாள் சைக்கோ நிறுவனம் அஸ்ட்ரோன் என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழில், 1980களின் நடுவில் 30,000 பேரளவுக்குச் சுருங்கியது. பாட்டரி மாற்றுவதே பழுதுபார்ப்பு என்றாகிவிட்ட நிலையில், இங்கே யார் தொழில் பழக வருவார்?

இரண்டாவது அடி உள்நாட்டில் விழுந்தது. பழைய கடைவீடுகளின் வாடகையைக் குறைவாக வைத்திருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தானது. 1999 இறுதியோடு அவகாசமும் முடிந்தது. மலாக்காவிலும் பினாங்கிலும் சிறு கைவினைஞர் பலர் கடையைக் காலி செய்தனர். 2008இல் இரு நகரங்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கட்டடங்கள் காக்கப்பட்டன, உள்ளே இருந்த தொழில்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிட்டவில்லை.

சிவப்புச் சதுக்கத்தில் 1886இல் எழுந்த மணிக்கூண்டை அனைவரும் அறிவோம். அதிலிருந்த இங்கிலாந்துக் கடிகாரம்கூட 1982இல் சைக்கோவுக்கு இடம் விட்டது. ஊருக்கு நேரம் காட்ட அது சரியான முடிவாக இருக்கலாம். குடும்பத்துக் கடிகாரத்தை நாம் அப்படி மாற்றிவிட முடியாதல்லவா?

மூன்று இடங்கள்

நான் முதலில் போனது பேரங்காடிக் கடை ஒன்று. விற்பனையாளர் பின்மூடியைத் திறக்கவே இல்லை. ஐந்து நிமிடத்தில், "டயலுக்குப் புதுச் சாயம் பூசி, பெட்டியைப் பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்றார். நோயைப் பார்க்காமல் முகத்துக்குப் பவுடர் பூசச் சொல்வது போன்றது இது. சாயம் பூசிய டயலில் அசல் எழுத்து அழிந்துவிடும். பாலிஷ் போடப் போட விளிம்புகள் மழுங்கும். பழைய கடிகாரத்தின் சந்தை மதிப்பு பெரும்பாலும் இவ்விரண்டிலும்தான் இருக்கிறது.

இரண்டாவது, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையம். அசல் பாகம், உத்தரவாதம், முறையான பதிவு ஆகியவை அங்கே உண்டு. ஆனால் மிகப் பழைய கடிகாரத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப நேரலாம். பல மாதம் ஆகலாம். டயலையும் முட்களையும் புதிதாக மாற்றிவிடவும் கூடும். அங்கே கொடுப்பவர்கள் "பாலிஷ் வேண்டாம், அசல் டயலும் முட்களும் அப்படியே இருக்க வேண்டும், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுத்தில் பதிவு செய்வது அவசியம்.

மூன்றாவது, பழைய கடைவீதியில் ஒரு சீன முதியவர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என்னை எதுவும் கேட்குமுன் பின்மூடியைத் திறந்து, கண்ணில் உருப்பெருக்கியை மாட்டி, மூடியின் உட்புறத்தைக் காட்டினார். ஊசியால் கீறிய சிறு சிறு எண்கள். முன்பு சர்விஸ் செய்தவர்கள் தம் குறிப்புக்காக இடும் அடையாளம் அது. கடைசிக் கீறல் 1987. "அதற்குப் பின் யாரும் தொடவில்லை. உங்கள் தாத்தா அதுவரை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்," என்றார் மலாயில். டயலில் இருந்த பழுப்புக் கறையைக் காட்டினேன். "அதை நான் தொடமாட்டேன். தொட்டால் எழுத்தும் போய்விடும்" என்றார். மூன்று வாரம் கேட்டார். என்னால் முடியாது என்று சொல்லக்கூடிய ஒருவரை நம்பலாம் எனத் தோன்றியது. அவரிடமே கொடுத்தேன்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அவரிடமும் பிறரிடமும் கேட்டறிந்ததைக் கொண்டு ஒரு பட்டியல் தருகிறேன்.

1. திறந்து பார்த்த பிறகுதானே மதிப்பீடு சொல்கிறார்? திறக்காமல் விலை சொல்பவர் ஊகிக்கிறார் என்று பொருள்.

2. முழுதும் கழற்றுவாரா? எந்தெந்தப் பாகத்தை மாற்றுவார்? மாற்றும் முன் நம்மைக் கேட்பாரா? பழைய பாகத்தைத் திருப்பித் தருவாரா?

3. கடிகாரத்தின் துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவி வைத்திருக்கிறாரா? அது நாளுக்கு எத்தனை நொடி பிழை, பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு எத்தனை பாகை, இரு பக்க அசைவும் சமமா என மூன்று செய்தி சொல்லும். முழுச் சாவியில் 270 பாகைக்கு மேல் வீச்சிருந்தால் நல்ல ஆரோக்கியம். பழையதற்குச் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை. 200க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அளவுகளை எழுதிக் கேளுங்கள்.

4. கடிகாரம் திடீரென வேகமாக ஓடினால் முதலில் காந்தத்தைச் சோதிக்கிறாரா? கைப்பேசி உறை, ஒலிபெருக்கி ஆகியவற்றின் காந்தத்தால் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். காந்தம் நீக்கச் சில நிமிடம் போதும். அதற்கே முழு சர்விஸ் கட்டணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை. ஒரு சாதாரணத் திசைகாட்டியின் அருகே கடிகாரத்தை வைத்து, முள் ஆடுகிறதா என நாமே பார்க்கலாம்.

5. எத்தனை மாத உத்தரவாதம்? ரசீதில் கடிகாரத்தின் பெயர், வரிசை எண், செய்யும் வேலை, கெடு நாள் எல்லாம் உண்டா?

எதிர்பார்ப்பிலும் நியாயம் வேண்டும். ஒரு நாளில் 86,400 நொடிகள். அறுபது ஆண்டுக் கடிகாரம் நாளுக்கு ஒரு நிமிடம் பிசகினாலும் அது நூற்றுக்கு 0.07 பங்குப் பிழைதான். அதேபோல், பழைய கடிகாரத்தை நீர்புகாதது என்று யார் சொன்னாலும் நம்பிக் குளிக்கப் போகாதீர்கள்.

உதிரிப்பாகச் சிக்கல்

திறமை இருந்தும் கைவினைஞர் கையைப் பிசையும் இடம் ஒன்றுண்டு. ஓமேகா, தீசோ முதலியவற்றை வைத்திருக்கும் சுவாட்ச் குழுமம், தனிப்பட்ட பழுதுபார்ப்போருக்குப் பாகம் விற்கும் மொத்த வணிகர்களுக்கான விநியோகத்தை 2015 இறுதியோடு நிறுத்தியது. இப்பிரச்சினை அதற்கு முன்பே எழுந்ததுதான். ஐரோப்பியப் பழுதுபார்ப்போர் கூட்டமைப்பு 2004இலேயே கடிகார நிறுவனங்கள்மீது ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் செய்தது. ஆணையம் அதைத் தள்ளுபடி செய்ய, 2010இல் நீதிமன்றம் அம்முடிவை ரத்து செய்தது. ஆணையம் 2014இல் மீண்டும் தள்ளுபடி செய்ய, 2017இல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, தனிக்கடைக்காரர் பழைய கையிருப்பையும், உடைந்த கடிகாரங்களிலிருந்து கழற்றிய பாகங்களையும் நம்பியே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பாகம் எங்கிருந்து வந்தது என்று அவர் ஒளிக்காமல் சொன்னால் அது குறையன்று, நேர்மை.

இணையத்தில் பழைய கடிகாரம் வாங்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். இந்தியாவிலிருந்து மலிவாக வரும் பழைய சைக்கோ, எச்.எம்.டி. கடிகாரங்கள் பலவற்றில் டயல் பளபளக்கும் புதுச்சாயத்தில் இருக்கும். பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியவை அவற்றில் உண்டு. விலை குறைவே என்று வாங்கினால் சர்விஸ் செலவு அதை விழுங்கிவிடும்.

ஒளிரும் எண்களில் கவனம்

1960கள் வரை, இருட்டில் ஒளிர்வதற்காக எண்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். இன்று அது ஒளிராவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணக்கூடாது. ஒளிரும் வேதிப்பொருள்தான் சோர்ந்திருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். மூடிய கடிகாரத்தைவிட, அதிலிருந்து உதிரும் தூளை மூச்சில் இழுப்பதே பெரிய ஆபத்து. ஆகவே வீட்டில் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். கைவினைஞரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்டதும் அவர் எச்சரிக்கையானால் தொழில் தெரிந்தவர்.

ஏமாற்றப்பட்டால்?

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவைகளுக்கும் பொருந்தும். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்யவேண்டியது கடைக்காரரின் கடமை. அசல் பாகம் காணாமற்போனாலோ, சொல்லாமல் மாற்றப்பட்டாலோ, மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். ஆனால் சான்று வேண்டுமே! ஆகவே ஒப்படைக்கும் முன் முகம், பின்மூடி, முடிந்தால் உள்பகுதி ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். கைவினைஞர் முன்னிலையிலேயே எடுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் கடிகாரம் மூன்று வாரத்துக்குப் பதில் ஐந்து வாரத்தில் கிடைத்தது, மெயின் ஸ்பிரிங் வந்து சேரத் தாமதமானதால். பின்மூடியின் உட்புறத்தில் 1987க்குக் கீழே ஒரு புதிய கீறல் சேர்ந்திருக்கிறது. அவருக்குப் பின் அந்த மேசையில் உட்கார யாருமில்லை என்று அம்முதியவர் சொன்னதுதான் மனத்தில் நிற்கிறது. கை நடுங்காத, பொறுமையுள்ள இளைஞர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. பட்டம் மட்டுமே வாழ்வு என்று கருதாமல் நம் தம்பி தங்கைகளில் ஓரிருவர் இக்கலையைப் பழக முன்வந்தால், நின்றுபோன பல கடிகாரங்கள் மீண்டும் ஓடும். அதுவரை, வீட்டு இழுப்பறையில் உறங்கும் கடிகாரத்தைத் தேடி எடுங்கள். வலிந்து சாவி கொடுக்காதீர்கள். தக்க ஒருவரிடம் காட்டுங்கள். அப்படிப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே காட்டுங்கள்.