சேற்றுழவில் கொதிக்கும் டிராக்டர்: இன்ஜினைப் பிரிக்கும் முன் வெளியே பாருங்கள்!

'என்னுடையது 45 குதிரைத்திறன் டிராக்டர். வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. ரோட்டவேட்டர் மாட்டிச் சேற்றுழவு ஓட்டினால், முக்கால் மணி நேரத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. ரோட்டில் டிரெய்லர் இழுத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. வாட்டர் பம்ப் மாற்றியாயிற்று. தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் போட்டாயிற்று. இப்போது ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். குறுவை உழவு தலைக்கு மேல் நிற்கிறது. என்ன செய்யலாம்?'

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. நான் மெக்கானிக் இல்லை. பயிருக்கு வைத்தியம் சொல்கிறவன். ஆனால், மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-ஐ ஒட்டி, டெல்டாவில் வயலுக்குப் போகும்போதெல்லாம் பானெட்டைத் தூக்கிவைத்த டிராக்டர் ஒன்றாவது வரப்போரம் நிற்பதைப் பார்க்கிறேன். எங்கள் வீட்டிலும் 25 வருஷமாக டிராக்டர் ஓடுகிறது. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ரோட்டில் சூடாகவில்லை, சேற்றில்தான் சூடாகிறது. டீசல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மற்றதெல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி புகையோடு போகும். இன்னொரு பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும். ரோட்டில் சுமை குறைவு, எதிர்க்காற்றும் உண்டு. அதனால் பாதி அடைத்த ரேடியேட்டர்கூடச் சமாளித்துவிடும். சேற்றிலோ நடை வேகம், முழுச் சுமை, ஜூன் மாத வெயில். காற்றுக்கு ஃபேனை மட்டுமே நம்ப வேண்டும். ஆக, சுமையில் மட்டும் கொதிக்கும் வண்டிக்கு முதல் சந்தேகம், சூட்டை இறக்கும் இடத்தின் மீதுதான்.

அந்த வாசகரின் வீட்டுக்கு ஒரு மாலை போனேன். "ரேடியேட்டரைச் சுத்தம் செய்தீர்களா?" என்றதும், "தினமும் வலையைத் தட்டித்தான் சார் எடுக்கிறேன்" என்றார். முன்பக்க வலையைச் சொல்கிறார். இருட்டியதும் ஃபேன் பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் நின்று பார்க்கச் சொன்னேன். மேல் பாதியில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. கீழ்ப் பாதி இருட்டு. முன்னால் இருக்கும் பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் விஷயம் புரிந்தது. வைக்கோல் தூசு, பதர், சேறு, கசிந்த ஆயில் எல்லாம் சேர்ந்து கம்பளிபோலத் தகடுகளுக்கு நடுவே படிந்திருந்தது. போன வருஷம் பேலர் ஓட்டியதன் மிச்சம். வெளியே இருந்து எட்டிப் பார்த்தால் தெரியவே தெரியாது.

சுத்தம் செய்வதிலும் ஒரு கவனம் வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். காற்றோ, தண்ணீரோ ஃபேன் பக்கமிருந்து முன்பக்கமாகத்தான் அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, காற்றுப் போகும் வழியே மூடிவிடும். இவருடைய ரேடியேட்டரில் உள்ளங்கை அகலத்துக்கு அப்படி மடிந்துகிடந்தது. ஆயில் ஒட்டியிருந்தால், சோப்புக் கரைசல் தெளித்து ஊறவிட்டு, மெதுவாகக் கழுவுங்கள்.

அடுத்தது ஃபேன் பெல்ட். இன்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அரை அங்குலம் அளவுக்கு இறங்கலாம். சரியான அளவு உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடிபோலப் பளபளத்தால் அது வழுக்குகிறது என்று அர்த்தம். கீழ் ஹோஸையும் அமுக்கிப் பாருங்கள். ரப்பர் நைந்து போயிருந்தால், வேகம் கூட்டும்போது பம்ப் உறிஞ்சும் உறிஞ்சலில் அது சப்பிக்கொள்ளும். நிறுத்தியதும் பழையபடி உருண்டுவிடும். அதனால் ஓட்டத்தில்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் உதிரிபாகமாகவே நினைப்பதில்லை. அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் வெடித்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறும். ஹெட்டைக் கழற்றும் செலவோடு பார்த்தால் மூடியின் விலை ஒன்றுமே இல்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது இல்லாத இன்ஜின் சூடேற நேரம் எடுக்கும். டீசல் கூடும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் ஏறும். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாமே! நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேலேயே டிகிரி அச்சடித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்துவிட்டால் அது நல்ல தெர்மோஸ்டாட். இந்த வாசகர் கழற்றியதைத் தகர டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். சோதித்தோம், நன்றாகத் திறந்தது. திரும்ப மாட்டச் சொல்லிவிட்டேன்.

ஹெட் விஷயத்துக்கு வருவோம். கேஸ்கட் போயிருந்தால் தடயம் இருக்கும். காலையில், ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டரில் நிற்காமல் குமிழி வருகிறதா? ஆயில் கம்பியில் ஆயில் பால் கலந்த காபிபோல இருக்கிறதா? எங்கும் ஒழுகாமலே தினமும் தண்ணீர் குறைகிறதா? இன்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். இவர் வண்டியில் ஒன்றுகூட இல்லை. "ஹெட்டைத் தொட வேண்டாம்" என்றேன்.

இவருடைய போர் தண்ணீர் உப்பு. ஆறு வருஷமாக அதையே ரேடியேட்டருக்கும் ஊற்றியிருக்கிறார். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் இன்ஜினின் உள்ளேயும் படியும். உப்பு, உலோகத்தையும் அரிக்கும். கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் புத்தகத்தில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். அவசரத்துக்கு மழைத்தண்ணீர் பரவாயில்லை.

வயலில் முள் சிவப்பைத் தொட்டால் என்ன செய்வது? ரோட்டவேட்டரைத் தூக்கி, பி.டி.ஓ.வை விடுவித்து, சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். ஆனால் பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் கொட்டிப்போயிருந்தாலோ அந்த நிமிஷமே நிறுத்திவிட வேண்டும். முள் திடீரென்று கீழே இறங்கினால் சூடு தணிந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். தண்ணீர் சென்சாருக்குக் கீழே போயிருந்தாலும் முள் இறங்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

பல வருஷத்துக்கு முன், நடவுக்கு ஆள் காத்திருந்த அவசரத்தில், கொதித்து வற்றிய எங்கள் வண்டியில் ஒரு குடம் வாய்க்கால் தண்ணீரை ஊற்றினேன். ஹெட் விரிசல் விட்டது. வேளாண்மை படித்த நான்தான் ஊற்றினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாடகை டிராக்டர் தேடிப் போய்விட்டார். அந்த வருஷம் எங்கள் நடவு 12 நாள் தள்ளிப்போனது.

கேள்வி கேட்ட வாசகர், ரேடியேட்டரைக் கழுவி, பெல்ட்டை இறுக்கி, மூடியை மாற்றி மறுநாளே வயலில் இறங்கினார். காலை முழுக்க முள் நடுவிலேயே நின்றதாம். மதியம் கொஞ்சம் ஏறியது, சிவப்பைத் தொடவில்லை. உள்ளே படிந்த உப்புதான் மிச்சக் காரணம் என்று நினைக்கிறேன். உழவு முடிந்ததும் ரேடியேட்டர் கடையில் கொடுத்துக் குழாய்களைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன். அதுவரை ஒரு கியர் குறைத்து, ஆழத்தையும் குறைத்து ஓட்டுகிறார்.

இதே தொந்தரவு உள்ளவர்கள் எழுதும்போது, எந்த வேலையில் கொதிக்கிறது, எத்தனை நேரத்தில், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குறைகிறது, கடைசியாக எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்ற நான்கையும் குறிப்பிடுங்கள்.