கதை யாருக்குச் சொந்தம்?

1951-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், நியூயார்க் நகரத்துக் கொட்டகைகளில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு சினிமாப் படங்கள் வெளியாயின. இரண்டுக்கும் பெயர் ஒன்றே, கதையும் ஒன்றே. "அற்புத உலகில் ஆலிஸ்" என்ற ஆங்கிலக் குழந்தை நவீனத்தை ஒரு படம் வர்ணச் சித்திரங்களால் சொல்லிற்று. மற்றது பொம்மைகளால் சொல்லிற்று. முதற்படத்தின் சொந்தக்காரர் உலகமறிந்த வால்ட் டிஸ்னி. இரண்டாவதை உண்டாக்கியவர் லூ புனின் என்ற பொம்மைக் கலைஞர். அவரை அன்று அறிந்தவர் சிலர், இன்று அறிந்தவர் அதனினும் சிலர். இந்தச் சிறிய மனிதரின் படம் அமெரிக்காவில் வெளிவராதபடி தடுக்க வேண்டுமென்று அந்தப் பெரிய கம்பெனி நியாயஸ்தலத்தின் படியேறிற்று.

முயலும் பூனையும் பேசும் ஒரு குழந்தைக் கதையைப் பற்றிய வழக்குத்தானே என்று வாசகர்கள் அசட்டை செய்துவிட வேண்டாம். ஊர்க் கிணற்றுக்கு யார் பூட்டுப் போடலாம் என்பது எத்தகைய கேள்வியோ, அத்தகைய கேள்வியே இந்த வழக்கின் அடியில் இருந்தது. ஜன சமூகத்துக்குப் பொதுவாகிவிட்ட ஒரு செல்வத்தை, பணபலம் படைத்த ஒருவர் தமக்கே உரியதென்று வேலியடைக்கலாமா என்பதே அந்தக் கேள்வி.

கதையின் பிறப்பை முதலில் சொல்லுவோம். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் கணித ஆசிரியராக இருந்தவர் சார்லஸ் டாட்ஜ்ஸன். 1862-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, கல்லூரித் தலைவர் லிடெல் என்பவரின் மூன்று பெண் குழந்தைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு உல்லாசமாகச் சென்றபோது, பொழுது போவதற்காக அவர் ஒரு கதை கட்டிச் சொன்னார். அதை எழுதித் தர வேண்டுமென்று ஆலிஸ் என்ற சிறுமி வற்புறுத்தினாள். அந்தக் கதை வளர்ந்து, டெனியல் என்ற பிரசித்தி பெற்ற சித்திரக்காரரின் படங்களுடன், லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் 1865-ல் புத்தகமாயிற்று. முயலின் வளைக்குள் விழுந்த ஒரு பெண் குழந்தை சீட்டுக்கட்டு ராஜாங்கத்துக்குப் போய்ச் சேருகிறாள். அங்கே ஆர்ட்டின் ராணி எதற்கெடுத்தாலும் சிரச்சேதம் செய்யும்படி உத்தரவிடுகிறாள். பலகாரம் திருடினான் என்று ஆர்ட்டின் ஜாக்கி கூண்டில் நிறுத்தப்படுகிறான். விசாரணை முடியுமுன்பே ராணி தண்டனையைக் கேட்கிறாள். இத்தனை ஆர்ப்பாட்டமும் வெறும் சீட்டுகளின் ஆர்ப்பாட்டம் என்று அந்தக் குழந்தை கண்டுகொண்டவுடனே ராஜாங்கம் சரிந்து போகிறது. குழந்தைகள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். வளர்ந்தவர்கள் படித்தால் சிரிப்போடு சிந்தனையும் வரும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் 1842-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு நூலின் உரிமை அது வெளிவந்ததிலிருந்து 42 வருஷங்கள், அல்லது ஆசிரியரின் மரணத்துக்குப் பின் 7 வருஷங்கள், இவ்விரண்டில் எது நீண்டதோ அதுவரை நிற்கும். டாட்ஜ்ஸன் 1898-ல் இறந்தார். கணக்கிட்டால், ஆலிஸின் உரிமை 1907-ல் முடிவடைகிறது. அந்த வருஷமே ஆர்தர் ராக்கம் முதலிய சித்திரக்காரர்கள் புதிய படங்கள் எழுதிப் புதிய பதிப்புகள் வெளியிட்டார்கள். அமெரிக்காவிலோ நிலைமை இன்னும் தெளிவு. 1891 வரையில் அந்நிய நாட்டு ஆசிரியர்களின் நூல்களுக்கு அங்கே உரிமையே கிடையாது. எனவே 1865-ல் லண்டனில் வெளியான ஆலிஸ் அந்த நாட்டில் பிறந்த நாள் முதலே பொதுச் சொத்து. எந்த மனிதனும் அதை அச்சிடலாம், நாடகமாக்கலாம், படம் பிடிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை.

இந்தப் பொதுச் சொத்தினால் டிஸ்னியைவிட அதிகப் பயன் பெற்றவர் வேறொருவர் இருப்பாரா என்பது சந்தேகமே. அவருடைய சினிமா வாழ்க்கையின் தொடக்க காலத்திலேயே ஆலிஸ் வந்துவிட்டாள். 1923-ல் உயிருள்ள ஒரு சிறுமியைச் சித்திர உலகத்தில் உலவவிட்டு அவர் தயாரித்த சிறு படம் அவள் பெயரையே தாங்கியிருந்தது. 1937-ல் அவருக்குக் கீர்த்தியும் செல்வமும் தேடித் தந்த "ஸ்நோ ஒயிட்" கிரிம் சகோதரர்கள் ஜெர்மன் குடியானவர்களின் வாய்மொழியிலிருந்தும் பிறரிடமிருந்தும் திரட்டிய கதை. 1940-ல் வந்த "பினோக்கியோ" இத்தாலியக் கதை. 1950-ல் வந்த "சிண்டரெல்லா" ஐரோப்பியப் பாட்டிமார்களின் கதை. இவற்றை அவர் எடுத்துக்கொண்டது தவறென்று நாம் சொல்லவில்லை. பொதுக் குளத்தில் யாரும் தண்ணீர் மொள்ளலாம். டிஸ்னியும் மொண்டார், நன்றாகவே மொண்டார். ஆனால் தம் குடம் நிறைந்த பிறகு படித்துறையில் நின்றுகொண்டு அடுத்தவரை மறிப்பது எந்த நியாயம் என்றுதான் நாம் கேட்கிறோம்.

அந்த அடுத்தவர் யார்? லூ புனின் 1904-ல் ருஷியாவில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர். இளமையில் மெக்ஸிகோ சென்று, சுவரோவியக் கலைஞர் டீகோ ரிவேராவிடம் உதவியாளராக இருந்தார். பொம்மை நாடகத்தில் அவர் கைபழகியதும் அந்த நாட்டில்தான். அவருடைய பொம்மைகள் பின்னர் 1939-ல் நியூயார்க்கில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஒரு படத்தில் நடித்தன. ஆலிஸ் கதையில் அவருடைய பொம்மைகள் நூலில் கட்டி ஆட்டப்படுபவையல்ல. ஒரு பொம்மையின் கையை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம் பிடிப்பார்கள். மீண்டும் ஒரு மயிரிழை நகர்த்தி அடுத்த படம் பிடிப்பார்கள். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிஷத்துக்கு 1,440. கதையிலுள்ள முயலும் பூனையும் ராணியும் ஒரு நிமிஷம் ஆடிப் பாட வேண்டுமானால் எத்தனை நாள் உழைப்பு வேண்டும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பொம்மைகளின் நடுவே உயிருள்ள ஆலிஸாகக் கரோல் மார்ஷ் என்ற நடிகை நடமாடுகிறாள். பிரான்ஸில் தயாரான இந்தப் படத்தை டாலஸ் பவர் டைரக்ட் செய்தார். 1949-ல் அது முதலில் வெளியாயிற்று.

படத்தின் பெருமை பொம்மைகளின் அழகில் இல்லை. அவற்றின் முகத்தில் டிஸ்னியின் சித்திரங்களுக்குள்ள கொஞ்சும் தன்மை கிடையாது. சில இடங்களில் அவை குழந்தைகளை அச்சுறுத்தவும் கூடும். கதையை அமைத்த விதத்திலேதான் அதன் பெருமை இருக்கிறது. படத்தின் முற்பகுதி பொம்மைகளற்றது, ஆக்ஸ்போர்டில் நடப்பது. விக்டோரியா மகாராணி அங்கே விஜயம் செய்கிறார். கல்லூரி அதிகாரிகள் பரபரக்கிறார்கள். இந்த ஆடம்பரங்களுக்கிடையே கூச்சமுள்ள கணித ஆசிரியர் டாட்ஜ்ஸன் குழந்தைக்குக் கதை சொல்லுகிறார். கதைக்குள் நுழைந்தவுடன் அதே மனிதர்கள் பொம்மைகளாக வந்துவிடுகிறார்கள். மகாராணியாக நடித்த பமேலா பிரௌன் ஆர்ட்டின் ராணிக்குக் குரல் கொடுக்கிறார். சர்வகலாசாலைத் துணைவேந்தர் பரபரக்கும் வெள்ளை முயலாகிறார். கல்லூரித் தலைவர் லிடெல் பல்லை இளிக்கும் பூனையாகிறார். மகாராணியின் கணவர் சீட்டுக்கட்டு ராஜாவாகிறார். டாட்ஜ்ஸன் என்னவாகிறார்? கூண்டில் நிற்கும் ஜாக்கியாகிறார். கதை சொன்னவனே கதைக்குள் குற்றவாளியாக நிறுத்தப்படுகிறான். அதிகாரத்தில் உள்ளவர்கள் அவனை விசாரிக்கிறார்கள். பாட்டும் கூத்துமாக நடக்கும் இந்த வேடிக்கை, அரசாட்சியை ஒரு குழந்தையின் கண்ணால் அளந்து பார்க்கும் காரியமாக ஆகிவிடுகிறது.

இந்த அளவை எல்லாருக்கும் பிடிக்கவில்லை. சொந்த நாட்டுக் கதையை, சொந்த நாட்டு நடிகர்கள் நடித்த படத்தில், பிரிட்டிஷ் ஜனங்கள் பல வருஷ காலம் பார்க்க முடியாமல் இருந்தது. மகாராணியைக் கேலி செய்ததே அதற்குக் காரணம் என்று அந்தப் படத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். 1901-ல் காலமான ஒரு ராணியின் கௌரவத்துக்குப் பொம்மைகளால் பங்கம் வந்துவிடும் என்று அஞ்சும் ராஜ விசுவாசத்தை என்னென்பது! கரோலின் ராணி தலையை வெட்டும்படி கூவினாள். நிஜ உலகத்தில் அவ்வளவு கூச்சல் வேண்டியதில்லை, படம் காட்டாமல் இருந்தாலே போதும்.

அமெரிக்காவில் தடை வேறு ரூபத்தில் வந்தது. டிஸ்னி கம்பெனி இந்தக் கதையின் பெயரைச் சினிமா முதலாளிகளின் சங்கத்தில் 1938-லேயே பதிவு செய்து வைத்திருந்தது. தங்கள் படத்துக்குப் பெரும் பணம் செலவாகியிருக்கிறது. இதே பெயரில் வேறொரு படம் வந்தால் ஜனங்கள் மயங்குவார்கள். எங்கள் விளம்பரத்தின் பலனை வேறொருவர் அறுவடை செய்வார் என்பது இத்தகைய வழக்குகளில் வாதிகள் சொல்லும் வாதம். வாதம் கேட்பதற்கு இனிமையாயிருக்கலாம். ஆனால் சங்கத்துப் பதிவு சட்டமாகிவிடாது. செலவழித்த பணம் பாத்தியதையாகிவிடாது. 1865-ல் ஒருவர் எழுதிய கதைக்கு 1951-ல் வேறொருவர் தம் விளம்பரச் செலவைக் காட்டிப் பட்டா கேட்பது வக்கீல் தொழிலின் திறமைக்கு அத்தாட்சியாகலாமேயன்றி, உரிமைக்கு அத்தாட்சியாகாது. நியாயஸ்தலம் இணங்கவில்லை. புனினின் படம் டிஸ்னியின் படத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே திரைக்கு வந்துவிட்டது.

சட்டம் வென்றது, நியாயம் வென்றதா? இங்கேதான் சிந்திப்பதற்கு இடமிருக்கிறது. டிஸ்னியின் ஆலிஸ் அந்த வருஷம் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. ஆயினும் அந்தக் கம்பெனிக்குச் சொந்தக் களஞ்சியம் இருந்தது, டெலிவிஷன் இருந்தது, காத்திருக்கப் பணம் இருந்தது. 1974-ல் அதே படத்தை மறுபடியும் கொட்டகைகளுக்கு அனுப்ப அதனால் முடிந்தது. புனினின் படமோ ஆன்ஸ்கோ என்ற வர்ண முறையில் எடுக்கப்பட்டது. டெக்னிகலர் முறை தங்களுக்குக் கிடைக்காமற் போனதற்கு டிஸ்னியின் செல்வாக்கே காரணம் என்பது புனின் பக்கத்தாரின் குறை. பிரதிகளின் வர்ணம் நாளடைவில் மங்கிற்று. படத்தின் நினைவும் உடன் மங்கிற்று. வழக்கில் தோற்றவர் நிலைத்தார், வென்றவர் மறைந்தார். உரிமை உண்டென்று தீர்ப்பு எழுதுவது ஒரு காரியம். அந்த உரிமையை ஏழை அனுபவிக்கும்படி செய்வது வேறொரு காரியம். கொட்டகையும் வர்ணமும் விளம்பரமும் ஒரு சிலரின் கைப்பிடியில் இருக்கும் வரையில், சட்டம் தரும் சுதந்திரம் பாதிச் சுதந்திரமே.

சட்டமும் என்றும் அப்படியே இருந்துவிடவில்லை. கோர்ட்டில் அசைக்க முடியாத வேலியைச் சட்டசபையில் அசைக்கலாம் என்பதை முதலாளிகள் அறிவார்கள். 1998-ல் அமெரிக்கக் காங்கிரஸ் பதிப்புரிமையின் ஆயுளை மேலும் 20 வருஷம் நீட்டியது. கம்பெனிகளின் பெயரிலுள்ள பழைய படங்களுக்கு 95 வருஷம் என்றாயிற்று. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் டிஸ்னி கம்பெனியும் ஒன்று. 1928-ல் தோன்றிய மிக்கி எலி, அந்தப் பழைய உருவத்தில், 2024-ம் வருஷம் ஜனவரி முதல் தேதிதான் ஜனங்களின் சொத்தாயிற்று. கிரிம் கதைகளை விலையின்றி எடுத்துக்கொண்டவர்கள் தங்கள் எலிக்குட்டியை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கூண்டைவிட்டு வெளியே விடவில்லை!

ஆசிரியனுக்கு உரிமையே வேண்டாமென்று நாம் வாதிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். எழுதுகிறவனும் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும். அவன் உழைப்பைப் பிறர் சூறையாடுவதற்குப் பொதுநலம் என்று பெயர் சூட்டுவது அக்கிரமம். டாட்ஜ்ஸன் தம் ஆயுள் முழுவதும் ஆலிஸின் வருமானத்தை அனுபவித்தார். அது முற்றிலும் நியாயம். ஆனால் அந்த உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. ஆசிரியன் மறைந்து, அவனைச் சார்ந்தவர்களும் பயன் பெற்ற பிறகு, கதை கேட்டவர்களிடமே திரும்ப வேண்டும். அவன் அதைக் கட்டியதும் அவர்களுடைய மொழியில், அவர்களுடைய பாட்டையும் பழமொழியையும் கொண்டுதானே? புதிய கலைஞன் ஒவ்வொருவனும் பழைய கதையைத் தன் காலத்துக்கேற்பச் சொல்லுவதற்கு உரிமை பெற்றிருந்தாலன்றிக் கலை வளராது. புனின் தம் பொம்மைகளால் மகாராணியைச் சீட்டுக்கட்டு ராணியாக்கினார். டிஸ்னியின் படம் அவ்வாறு செய்யவில்லை. ஒருவரே கதைக்கு அதிபதியாயிருந்திருந்தால், அந்த இரண்டாவது அர்த்தம் உலகத்துக்குக் கிடைத்தேயிராது. ஆலிஸ் எல்லாருக்கும் பொதுவாயிருந்ததால்தான் அது கிடைத்தது.

ஆகவே, கதைகளின் விஷயத்தில் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். நிலத்துக்கு வேலி போட்டால் கண்ணுக்குத் தெரிகிறது. கதைக்கு வேலி போட்டால் தெரிவதில்லை. ஒரு நாள் பாட்டி சொன்ன கதையைக் குழந்தைக்குச் சொல்ல நினைக்கும்போது, அதன் முகமும் குரலும் யாரோ ஒரு கம்பெனியின் முத்திரையுடன் வந்து நிற்கும். வேறு முகம் இருந்ததென்பதே மறந்து போயிருக்கும். அந்த மறதிக்கு இடங்கொடாமல், பொதுவானதைப் பொதுவாகவே வைத்துக் காப்பது சட்டசபைகளின் கடமை. அந்தக் கடமையிலிருந்து அவை வழுவும்போது எடுத்துச் சொல்லுவது ஜனங்களின் கடமை.