சுட்டால் பிழைக்குமா கிராஃபிக்ஸ் சில்லு?

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு பல நாடுகளின் சமையலறைகளில் ஒரு விநோதம் நடந்துகொண்டிருந்தது. திரை கறுத்துப்போன லேப்டாப்பைக் கழற்றி, மதர்போர்டை மட்டும் தனியே எடுத்து, கேக் சுடும் ஓவனில் சுமார் 200 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைத்தார்கள். ஆறியதும் திரும்பப் பூட்டினால் பலருக்கு லேப்டாப் உயிர்பெற்றது. விளக்கமும் தயாராக இருந்தது: கிராஃபிக்ஸ் சில்லுக்கு அடியில் விரிசல் விட்ட சால்டர் உருகி, மறுபடி ஒட்டிக்கொண்டதாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உருகுநிலையைப் பார்த்தால்தான் இடிக்கிறது. மின்னணுப் பொருள்களில் ஈயம் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் கட்டுப்படுத்தியது. அதையொட்டி உற்பத்தியாளர்கள் வெள்ளீயமும் வெள்ளியும் செம்பும் கலந்த சால்டருக்கு மாறினார்கள். பழைய ஈயச் சால்டர் 183 டிகிரியில் உருகிவிடும். புதியதற்கு 217 டிகிரியாவது வேண்டும். அப்படியானால் அந்த ஓவனுக்குள் எதுவுமே உருகியிருக்க முடியாது. பிறகு லேப்டாப் எப்படிப் பிழைத்தது?

இதைவிட வேடிக்கை, எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியின் கதை. சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போன பெட்டியைத் துண்டால் சுற்றி ஓடவிட்டு, அதன் சொந்தச் சூட்டிலேயே வேகவைத்தால் சில நாளுக்கு வேலை செய்தது. துண்டுக்குள் 200 டிகிரி எங்கே வரப்போகிறது? அந்தப் பழுதுக்காக மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கவேண்டி வந்தது. உண்மைக் காரணத்தை அந்த நிறுவனத்துப் பொறியாளர்கள் விவரமாகச் சொன்னது 2021இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில்தான். உடைந்தது போர்டுக்கும் சில்லுக்கும் இடையே உள்ள இணைப்பு அல்ல. சில்லின் உறைக்கு உள்ளே இருக்கும் இணைப்பு.

லேப்டாப்பிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். 2008 ஜூலை 2 அன்று என்விடியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் முந்தைய தலைமுறை லேப்டாப் சில்லுகளில் சில, வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகின்றன. சில்லையும் அதன் உறையையும் சேர்க்கும் பொருள்கள் வலுவாக இல்லை. செலவுக்கு 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குகிறோம் என்றது. டெல், எச்பி, ஆப்பிள் லேப்டாப்கள் மாட்டிக்கொண்டன. தங்கள் கணினிகளுக்குப் பாதிப்பில்லை என்று என்விடியா உறுதி சொல்லியிருந்தும், தாங்களே சோதித்தபோது சில மேக்புக் ப்ரோக்களில் பழுது தெரிந்ததாக ஆப்பிள் அதே ஆண்டு அறிவித்தது.

சில்லுக்கு அடியில் இரண்டு அடுக்குச் சால்டர் மணிகள் உண்டு. கீழடுக்கு நம் கண்ணுக்குத் தெரிகிற அளவு. அது சில்லின் அடித்தட்டை மதர்போர்டோடு சேர்க்கிறது. மேலடுக்கு, மேலே பளபளக்கும் சிலிக்கான் துண்டுக்கும் அந்தப் பச்சை அடித்தட்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது. அதன் மணி ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. சிலிக்கான் சூட்டில் அதிகம் விரியாது. அடித்தட்டு நன்றாக விரியும். 10 மில்லிமீட்டர் அகலச் சில்லு 60 டிகிரி சூடேறினால் சிலிக்கான் ஒன்றரை மைக்ரான் நீளும், அடித்தட்டோ ஒன்பதரை மைக்ரான் நீளும். இந்த இழுபறி முழுவதும் நடுவில் மாட்டிய மணிகளின் தலையில்தான் விழுகிறது. அவற்றைத் தாங்கிப் பிடிக்கத்தான் இடுக்கெல்லாம் ஒரு பசையை நிரப்புகிறார்கள். பசை சூட்டில் இளகிவிட்டால் மணிகளுக்குத் துணையில்லை.

ஆகவே சில்லைக் கொல்வது வெறும் சூடு அல்ல. சூடேறி ஆறுவதும் மறுபடி சூடேறுவதும்தான். கட்டுக்கம்பியைக் கொத்தனார் மடக்கி மடக்கி ஒடிப்பதுபோலத்தான் இதுவும். சில நிறுவனங்கள் அப்போது பயாஸைப் புதுப்பித்து விசிறியை ஓயாமல் ஓடவிட்டதன் காரணமும் இதுவே. வெப்பம் ஏறி இறங்கும் வீச்சைக் குறைத்தால் மணி இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்.

சிக்கலுக்கு ஆளான அந்தச் சில்லுகளின் மேலடுக்கு மணிகளில் பெரும்பகுதி ஈயம்தான் (ஈயத் தடையில் இதற்கு விதிவிலக்கு உண்டு). அவை உருக 300 டிகிரிக்கு மேல் வேண்டும். ஓவனில் அவையும் உருகவில்லை. சூட்டில் சுற்றியுள்ளவை விரிந்து வளைந்ததில், விரிசலின் இரு முகங்களும் மறுபடி ஒன்றையொன்று தொட்டன, அவ்வளவுதான். தொட்டதே தவிர ஒட்டவில்லை. எனவே சில நாளிலோ சில வாரத்திலோ பழைய குருடி கதவைத் திறடி. ஈயமுள்ள பொருளை உணவு சமைக்கும் ஓவனில் சுடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைகளில் ஹீட் கன் வைத்துச் செய்யும் ‘ரீஃப்ளோ’வும் இதே வித்தைதான். ‘ரீபால்’ இன்னும் விலை கூடியது: சில்லைப் பெயர்த்து, கீழடுக்கு மணிகளை மாற்றி, மறுபடி ஒட்டுவார்கள். லேப்டாப் கீழே விழுந்து கீழடுக்கு விரிசல் விட்டிருந்தால் அது முறையான வைத்தியம். மேலடுக்கு உடைந்த சில்லுக்கு அதனால் பயனில்லை.

ஆனால் திரையில் கோடு விழுந்த எல்லா லேப்டாப்பிலும் சில்லுதான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முதலில் ஹெச்டிஎம்ஐ வழியாக ஒரு டிவியை இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் சுத்தமாக இருந்தால் சந்தேகம் லேப்டாப்பின் திரைமீதும் அதற்குப் போகும் கேபிள்மீதும் திரும்பும். அந்தக் கேபிள் கீல் வழியாக வளைந்து போவதால், மூடியை ஆட்டும்போது கோடுகள் மாறினால் அதுவே சாட்சி. இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம்: ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனில் திறந்து பாருங்கள். கோடு அதிலும் இருந்தால் திரையும் கேபிளும் நிரபராதிகள்.

கணினி தொடங்கும்போது வரும் நிறுவனச் சின்னத்திலேயே கட்டங்களும் புள்ளிகளும் தெரிந்தால் விண்டோஸையும் டிரைவரையும் குறை சொல்ல முடியாது. அவை இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. சேஃப் மோடில் நன்றாக ஓடி, வழக்கம்போல் திறக்கும்போது மட்டும் கறுத்துப்போனால்தான் குழப்பம். சேஃப் மோடு அடிப்படைக் காட்சியை மட்டும் காட்டும். சில்லின் பெரும்பகுதியைத் தொடாது. குற்றம் டிரைவராகவும் இருக்கலாம், சில்லாகவும் இருக்கலாம். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டு, அங்கேயும் படம் சிதறுகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். விசிறிக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே தூசி கம்பளிபோல் அடைத்திருக்கிறதா, தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகிவிட்டதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

சில்லின்மேல் பழி போட்டு, உண்மையான திருடன் வேறிடத்தில் இருந்ததும் உண்டு. 2010ஆம் ஆண்டின் 15 அங்குல மேக்புக் ப்ரோ, கிராஃபிக்ஸ் சில்லுக்கு மாறும்போதெல்லாம் முடங்கியது. அந்தச் சில்லுக்கு மின்சாரம் தரும் சுற்றில் இருந்த ஒரேயொரு கெபாசிட்டரை மாற்றினால் சரியாகிவிடுவதைப் பழுதுபார்ப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். சிப் லெவல் சர்வீஸ் என்பதற்கு இதுதான் பொருள் என்பேன்: வோல்ட்டை அளந்து பார்த்துவிட்டுக் கைவைப்பது.

சில்லேதான் போயிருக்கிறது என்று உறுதியானாலும் லேப்டாப்பைத் தூக்கிப்போட வேண்டாம். 2010க்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் பிராசசருக்குள்ளேயே இன்னொரு கிராஃபிக்ஸ் உண்டு. பயாஸிலோ டிவைஸ் மேனேஜரிலோ தனிச் சில்லை முடக்கிவிட்டால் கனமான கேம் ஓடாது, ஆனால் எழுத்து வேலைக்கும் வீடியோவுக்கும் குறையிருக்காது. சில மாடல்களில் வெளித்திரை இணைப்பும் தனிச் சில்லோடு போய்விடும். ரேடியான் சில்லு பழுதான 2011 மேக்புக் ப்ரோக்களைப் பலர் இப்படித்தான் பல ஆண்டு ஓட்டினார்கள். ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தது 2015இல்.

கடைக்குப் போகுமுன் கோப்புகளை நகலெடுத்துவிடுங்கள். போனதும் ஒரு கேள்வி கேளுங்கள்: “புதுச் சில்லு போடுகிறீர்களா, பழையதையே சூடாக்கித் தருகிறீர்களா?” புதியது என்றால் சில்லின்மேல் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கத் தேதிக்குறியைக் காட்டச் சொல்லுங்கள்; முதல் இரண்டு இலக்கம் ஆண்டையும் அடுத்த இரண்டு இலக்கம் அந்த ஆண்டின் வாரத்தையும் குறிக்கும். பழையதைச் சூடாக்குவதுதான் என்றால் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.