'நெகட்டிவ்' என்ற ஒரு சொல்லை நம்பி

காசநோய் என்றால் இருமலும் சளியும்தான் என்று நினைத்துப் பழகிவிட்டோம். மூளையைச் சுற்றியுள்ள உறையைப் பிடிக்கும் காசநோய் இருமலே இல்லாமலும் வரும். முதல் ஒன்றிரண்டு வாரம் விட்டுவிட்டுக் காய்ச்சல், தலைவலி, பசியின்மை. குழந்தையானால் ஓயாத சிணுங்கல். பிறகுதான் வாந்தி, குழப்பம், மாறுகண், வலிப்பு, மயக்கம். தீர்த்தமலையில் ஒருவருக்கு இப்படித் தொடங்கினால் மருந்துக்கடை மாத்திரை, அரூர் அரசு மருத்துவமனை, பிறகு தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று படிப்படியாகவே போக நேரும். ஒவ்வொரு படியிலும் நாள் கழியும். இந்த நோயில் நாள்தான் உயிர். மருந்து கொடுத்தும் பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறக்கிறார்; பிழைப்பவர்களிலும் பலருக்குக் கை கால் முடக்கமோ பார்வைக் குறையோ தங்கிவிடுகிறது.

நோயைக் கண்டறிய முதுகிலிருந்து தண்டுவட நீர் எடுத்தாக வேண்டும். 'அந்த ஊசி போட்டால் கால் விளங்காது' என்ற பயத்தில் குடும்பத்தார் மறுத்துவிடுகிறார்கள். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. மூளையில் அழுத்தம் கூடியிருக்கும் என்று சந்தேகம் வந்தால் முன்பே ஸ்கேன் எடுப்பார்கள். அந்த நீரில் லிம்போசைட் அணுக்களும் புரதமும் கூடி, சர்க்கரை குறைந்திருந்தால் காசநோயை நினைக்க வேண்டும். கிருமியைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் மரபணுப் பரிசோதனைகள் சில மணி நேரத்தில் முடிவு தரும். ஆனால் தண்டுவட நீரில் கிருமிகள் மிகக் குறைவு. சில துளி மட்டும் அனுப்பினால் அகப்படாது, போதிய அளவு அனுப்பினாலும் பலரிடம் தப்பிவிடும். ஆகவே 'பாசிட்டிவ்' வந்தால் நம்பலாம். 'நெகட்டிவ்' வந்ததற்காக நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது தவறு. கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கோ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உறுதியாகாமல் மருந்து கொடுத்தால் ஈரல் கெடாதா என்ற கேள்வி நியாயமானது. ஈரலை ரத்தப் பரிசோதனையால் கண்காணிக்கலாம், வேறு நோய் என்று தெரிந்தால் மருந்தை நிறுத்தலாம். தாமதத்தால் சிதைந்த மூளையை மீட்க வழியில்லை. காசநோய் மருந்தோடு டெக்ஸாமெதசோன் சேர்த்தால் இறப்பு குறைகிறது என்று வியட்நாமில் 545 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் காட்டியது.

2012 முதல் தனியார் மருத்துவரும் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்; பதிவான நோயாளிக்குச் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும். வராவிட்டால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. அரூரிலிருந்து தருமபுரிக்கு அனுப்பும்போது தண்டுவட நீரின் முடிவையும், என்ன மருந்து எப்போது தொடங்கியது என்ற குறிப்பையும் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள்.