மருந்தடிக்கும் முன்னே நின்னு பாருங்க

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு ஆரம்பிச்சப்போ, நம்ம ஓசூர், பேரிகை பக்கம் தக்காளி செடியிலேயே பழுத்து அழுகுச்சு. ரோஜாவைப் பறிச்சுக் குப்பையில கொட்டினாங்க. அறுபதைத் தாண்டினவங்க வீட்டை விட்டு வரவேண்டாம்னும் சொல்லிட்டாங்க. வங்கியில ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்த என் மாதிரி ஆளுக்குப் போறதுக்கு இருந்த ஒரே இடம் தோட்டம்தான்.

மே கடைசியில அடுத்த பீதி. ராஜஸ்தான்ல தொடங்கி மகாராஷ்டிரம் வரைக்கும் பாலைவன வெட்டுக்கிளி வந்திருந்த நேரம். நம்ம மாவட்டத்துல வேப்பனப்பள்ளி பக்கம் நேரலகிரியில எருக்கஞ்செடி மேல வெட்டுக்கிளிகள் மொய்ச்சதும், ‘இங்கேயும் வந்துடுச்சு’ன்னு பேச்சு பரவுச்சு. அதிகாரிகள் வந்து பார்த்து, இது உள்ளூர் வகை, பாலைவன வெட்டுக்கிளி இல்லைன்னு சொன்ன பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. பாலைவன வெட்டுக்கிளி கூட்டமாகச் சேர்ந்தால் ஒரு சதுர கிலோமீட்டரில் 4 முதல் 8 கோடி வரை இருக்கும். காற்றோடு ஒரே நாளில் 100 கிலோமீட்டருக்கு மேல் போகும். பச்சை எதையும் விடாது. எருக்கு வெட்டுக்கிளிக்கு முக்கிய உணவு எருக்கு. அந்தப் பாலில் உள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். பளிச்சென்ற அதன் நிறமே, ‘என்னைத் தின்னாதே’ என்று பறவைக்குச் சொல்லும் எச்சரிக்கை. தன் வரப்பு எருக்கை நாலு நாள் நின்று பார்த்தவருக்கு இந்தப் பயம் வந்திருக்காது.

விளைச்சலை விற்க முடியாத காலத்தில், பயத்தில் தெளிக்கிற மருந்து இரட்டை நட்டம். காசும் போகும், நமக்கு உதவுகிற பூச்சியும் சாகும். அதனால பார்க்கிறதையே ஒரு வேலையா வச்சுக்கோங்க.

வாரம் இரண்டு நாள், வெயில் ஏறும் முன் வயலின் நாலு மூலை, நடு என ஐந்து இடங்களில், இடத்துக்கு நாலு செடி பாருங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கணும். நோட்டில் வரவு, செலவு மாதிரி இரண்டு பத்தி போடுங்கள். அசுவினி, காய்ப்புழு ஒரு பக்கம். சிலந்தி, பொறிவண்டு இன்னொரு பக்கம். குட்டி முதலை மாதிரி ஊருவது பொறிவண்டின் புழு. அது அசுவினியைத் தின்னும், நசுக்கிடாதீங்க. முடி போன்ற காம்பு நுனியில் நிற்கும் முட்டை, கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. அதுவும் நம்ம ஆள்தான்.

தீமை செய்யும் பூச்சி இரண்டுக்கு நன்மை செய்யும் பூச்சி ஒன்றாவது இருந்தால், பொதுவாக அவசரப்பட வேண்டாம். தொடர்ந்து பார்த்தால் போதும். அந்தக் கணக்கு சரியும்போது 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கி மாலையில் தெளிக்கலாம்.

அடுத்த ஊரடங்கு நோயால வரலாம், வெள்ளத்தால வரலாம். கடையும் அதிகாரியும் எட்டாத அந்த நாளில் துணைக்கு நிற்பது இந்த நோட்டும் நம்ம கண்ணும்தான். இந்த வாரமே ஒரு வரப்புல ஆரம்பிங்க.